இரும்பு மனிதனும் நூற்போரும்: லங்காசயர் நூற்புப் பொறிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியைப் பற்றிக் கூறும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலையே மாணவர் கையில் தருகின்றன. கே, ஹாகிறீவ்ஸ், ஆர்க்றைற், குறொம்ரன் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொறியும் ஓர் ஆண்டும் காணப்படும். ஒருவர் விட்ட குறையை அடுத்தவர் நிறைவு செய்தார், நூல் மலிந்தது, ஆலைகள் பெருகின என்பதோடு அதிகாரம் முடிவுறும். இப்பட்டியலிற் பிழை எதுவுமில்லை. ஆயின், பொறியின் அருகே நின்றவர் யார் என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. 1760 ஆம் ஆண்டளவில் இராட்டினத்தின் முன் இருந்தவள் பெண். 1830 இல் லங்காசயரின் பெரிய ஆலைகளில் நூற்பவர் எனப்பட்டவர் ஆடவர். அதன்பின் தோன்றிய வளையப் பொறியின் முன்னே மீண்டும் பெண்ணே நிறுத்தப்பட்டாள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கொரு முறை ஒரு தொழில் இவ்வாறு கைமாறியதற்குப் பொறிகளின் அமைப்பு மட்டும் காரணமாகுமா, அன்றி யார் நூற்க வேண்டும் என்ற போட்டியே பொறிகளின் அமைப்பையும் தீர்மானித்ததா என்பது ஆராயத்தக்கது.

நூற்றல் என்பது மூன்று செயல்களைக் கொண்டது. பஞ்சுத் திரியை மெல்லிதாக இழுத்தல் ஒன்று. இழுத்ததை முறுக்கி வலுவூட்டல் மற்றொன்று. முறுக்கிய நூலைக் கதிரிற் சுற்றுதல் மூன்றாவது. இராட்டினத்தில் சக்கரத்தை ஒரு கை சுழற்ற, மற்றக் கையின் விரல்களே திரியை இழுத்தன. எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை விரல் நுனியின் உணர்வே அறிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் குடிசைகளில் இவ்வேலை பெண்களுக்குரியதாக இருந்தது. மணமாகாத பெண்ணைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்பின்ஸ்ரர்' என்ற சொல்லே நூற்பவள் என்ற பொருளில் தோன்றியது என்பது நோக்கத்தக்கது. நெசவாளன் ஒருவனின் தறி ஓய்வின்றி ஓடுவதற்கு நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ நூற்க வேண்டியிருந்தது. 1733 இல் ஜோன் கே என்பவர் பறக்கும் நாடாவை அமைத்துத் தறியின் வேகத்தை அதிகரித்தபோது இச்சமமின்மை மேலும் மோசமாயிற்று.

நூலின் தரமும் ஒரு தடையாக இருந்தது. லங்காசயர்ப் பெண்கள் நூற்ற பருத்தி நூல் பாவுக்குப் போதிய வலிமை அற்றது. எனவே பாவுக்குச் சணல் நூலும் ஊடைக்குப் பருத்தி நூலுமாகக் கலப்புத் துணியே அங்கு நெய்யப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்ற தூய பருத்தித் துணிகளோடு அத்துணி போட்டியிட இயலாதிருந்தது. ஆங்கிலேயக் கம்பளி, பட்டு உற்பத்தியாளரின் வற்புறுத்தலினால் 1721 இல் அச்சிட்ட பருத்தித் துணிகளை அணிவதே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இந்திய நூற்பாளரின் விரல்களை வெல்லும் பொறி தோன்றும் வரை அச்சட்டமே லங்காசயருக்கு வேலியாக அமைந்தது. விரல்களுக்குப் பதிலாக உருளைகளைக் கொண்டு பஞ்சை இழுக்கும் எண்ணத்தை லூயிஸ் போல், ஜோன் வயற் ஆகிய இருவர் 1738 இலேயே ஆக்கவுரிமையாகப் பதிவு செய்திருந்தனர். ஆனால் அவர்களது முயற்சி இலாபம் தரவில்லை.

பிளக்பேண் நகருக்கு அருகிலுள்ள ஸ்ரான்ஹில் என்ற ஊரின் நெசவாளரான ஜேம்ஸ் ஹாகிறீவ்ஸ் 1764 அளவில் அமைத்த ஜெனி, எட்டுக் கதிர்களை ஒரே சட்டத்தில் நிறுத்தியது. ஒரு கை சக்கரத்தைச் சுழற்றியது. மறு கை, திரிகளைப் பற்றிய மரச் சட்டத்தைப் பின்னுக்கு இழுத்தது. ஜெனி என்பது அவரது மகளின் பெயர் என்ற கதை நெடுநாளாக வழங்குகிறது. பொறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பேச்சுவழக்குத் திரிபே அது என்ற விளக்கமே கூடிய பொருத்தமுடையது. பெயரைவிட முக்கியமானது அப்பொறியின் அளவாகும். அது குடிசைக்குள் அடங்கியது. அதற்கு நீரோட்டமோ குதிரையோ தேவைப்படவில்லை. இராட்டினம் இருந்த மூலையில் அதை வைத்து, இராட்டினத்தில் நூற்றவளே அதிலும் நூற்க முடிந்தது. ஆயினும் 1768 இல் அயலவர் ஹாகிறீவ்ஸின் பொறிகளை உடைத்தெறிந்தனர். அவர் நொட்டிங்ஹாம் சென்று 1770 இல் பதினாறு கதிர்ப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். எனினும் அதற்கு முன்னரே பொறிகளை விற்றிருந்தமையால் அவ்வுரிமையை நிலைநாட்ட அவரால் முடியவில்லை.

பொறி உடைத்தோரை அறியாமையின் உருவங்களாகச் சித்திரிப்பது வழக்கம். 1779 இல் லங்காசயரில் எழுந்த கலகம் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் சோர்லி நகருக்கு அருகில் ஆர்க்றைற் நிறுவியிருந்த ஆலை அழிக்கப்பட்டது; சுற்றுவட்டாரத்து ஜெனிகள் பலவும் உடைக்கப்பட்டன. ஆனால் எல்லா ஜெனிகளும் உடைக்கப்படவில்லை. ஏறத்தாழ இருபது கதிர்களுக்கு உட்பட்ட சிறு ஜெனிகளைக் கூட்டத்தினர் தொடாது விட்டனர். வீட்டில் வைத்து இயக்கத்தக்க பொறி அவர்களுக்குப் பகையாகத் தோன்றவில்லை. வீட்டை விட்டு நூற்றலைக் கொண்டுசெல்லும் பொறியையே அவர்கள் தெரிந்தெடுத்து உடைத்தனர். பிற்கால வரலாற்றாசிரியர் பலர் காணத் தவறிய ஒரு வேறுபாட்டைக் கலகக்காரர் கோடரியோடு நின்ற வேளையிலேயே கண்டிருந்தனர் எனலாம்.

அவர்கள் அஞ்சிய மாற்றத்தின் தலைமையாளர் றிச்சாட் ஆர்க்றைற். பிறெஸ்ரன் நகரிற் பிறந்து, சவரத் தொழிலும் பொய்முடி செய்யும் தொழிலும் புரிந்த அவர், ஜோன் கே என்ற பெயரையே கொண்ட வேறொரு மணிக்கூடு செய்பவரின் துணையோடு உருளைப் பொறி ஒன்றை அமைத்து 1769 இல் ஆக்கவுரிமை பெற்றார். ஒன்றைவிட மற்றொன்று விரைவாகச் சுழலும் உருளைச் சோடிகள் பஞ்சை இழுத்தன. விரலின் அறிவு இங்கு உருளைகளின் வேக விகிதமாக மாறிற்று. அதிலிருந்து வந்த நூல் பாவுக்கேற்ற வலிமையுடையது. 1774 இல் தூய பருத்தித் துணி மீதான தடையை நீக்குவிக்கவும் அவர் தரப்பால் முடிந்தது. 1771 இல் டார்பிசயரிலுள்ள குறொம்போட்டில் அவர் எழுப்பிய ஆலை நீர்ச் சக்கரத்தால் இயங்கியது. இதனாலேயே அப்பொறி நீர்ச்சட்டம் எனப்பட்டது. இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர முறை வைத்து அங்கு வேலை நடைபெற்றது. வேலையாட்களுட் பெரும்பாலோர் சிறுவர்.

நீர்ச்சட்டம் ஆலைக்கென்றே பிறந்த பொறி என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அதைச் சிறிய அளவில் அமைத்துக் கையாற் சுழற்றுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்கவில்லை. ஆர்க்றைற் தமது உரிமத்தை ஆயிரம் கதிர் அளவிலான அலகுகளுக்கே வழங்கினார். குடிசையில் அப்பொறி நுழையாதிருந்தமைக்கு உருளையும் கதிரும் காரணமல்ல. உரிமப் பத்திரமே காரணம். பிறர் கண்டவற்றைத் தமதாக்கிக் கொண்டார் என்ற குற்றச்சாட்டின் நடுவே 1785 இல் அவரது ஆக்கவுரிமை நீக்கப்பட்டபோது, ஆலை முறை வேரூன்றி விட்டிருந்தது. அடுத்த ஆண்டில் அவர் சேர் பட்டமும் பெற்றார்.

சாமுவேல் குறொம்ரனின் வாழ்க்கை இதற்கு நேர்மாறானது. போல்ரன் நகருக்கு அருகில் 1753 இற் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் கண்டிப்பான கண்காணிப்பில் ஜெனியில் நூற்று வளர்ந்தவர் அவர். அடிக்கடி அறும் நூல்மீது கொண்ட வெறுப்பே அவரைப் பொறி செய்யத் தூண்டியது. போல்ரன் நாடக அரங்கில் வயலின் வாசித்துப் பெற்ற காசைக் கொண்டு கருவிகளை வாங்கி, இரவுகளில் வேலை செய்து, 1779 இல் அதை முடித்தார். ஆர்க்றைற்றின் உருளைகளையும் ஜெனியின் இழுத்து முறுக்கும் முறையையும் அது ஒன்றிணைத்தது. இரு இனங்களின் கலப்பாகையால் அதற்குக் கோவேறு கழுதையின் பெயரான 'மியூல்' என்பது நிலைத்தது. அவ்வாண்டுக் கலகத்தின்போது அவர் பொறியைப் பிரித்துக் கூரைக்கடியில் ஒளித்து வைக்க நேர்ந்தது.

கலகம் ஓய்ந்த பின்னர் வேறுவகைத் தொல்லை தொடங்கிற்று. குறொம்ரன் விற்ற நூலின் மென்மையைக் கண்டு வியந்தோர் அவர் வீட்டைச் சூழ்ந்தனர்; ஏணி வைத்துச் சாளரத்தினூடே எட்டிப் பார்த்தனர். நூலின் நுண்மையை இலக்கத்தால் குறிப்பது அத்தொழிலின் மரபு. 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தலாகுமோ அதுவே அந்நூலின் இலக்கம். 40 ஆம் இலக்க நூலுக்கு இறாத்தலுக்கு 14 சிலிங்கும், 60 ஆம் இலக்கத்துக்கு 25 சிலிங்கும், சிறிதளவு நூற்ற 80 ஆம் இலக்கத்துக்கு 42 சிலிங்கும் அவருக்குக் கிடைத்தன. 80 ஆம் இலக்கம் என்றால் ஓர் இறாத்தல் பஞ்சிலிருந்து ஏறத்தாழ 38 மைல் நூல். அதுவரை இத்தகைய நூலை இந்தியப் பெண்களின் விரல்களே நூற்றன. இரகசியத்தைக் காக்க முடியாது என உணர்ந்த குறொம்ரன், ஆலை முதலாளிகள் பணம் திரட்டித் தருவதாக அளித்த வாக்கை நம்பிப் பொறியைப் பொதுவில் வைத்தார். கிடைத்தது சுமார் 60 பவுண் மட்டுமே. 1811 இல் அவர் தாமே ஊரூராகச் சென்று கணக்கெடுத்தபோது மியூல் கதிர்கள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தன. நீர்ச்சட்டக் கதிர்கள் மூன்று இலட்சத்துச் சொச்சம், ஜெனிக் கதிர்கள் ஒன்றரை இலட்சம் அளவே. இக்கணக்கோடு பாராளுமன்றத்தை நாடிய அவருக்கு 1812 இல் 5000 பவுண் வழங்கப்பட்டது. அதுவும் வியாபாரத்திற் கரைந்தது. 1827 இல் அவர் போல்ரனில் காலமானார்.

மியூலின் இயக்கத்தைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். பின்னர் எழுந்த போராட்டங்களின் வித்து அதில்தான் இருக்கிறது. கதிர்களைத் தாங்கிய நீண்ட வண்டி ஒன்று உருளைகளை விட்டு ஏறத்தாழ ஐந்து அடி தூரம் வெளியே ஓடும். அவ்வாறு ஓடும்போதே நூல் இழுக்கப்பட்டு முறுக்கேறும். இந்த முதற் பாதியை 1790 இலேயே நீர்ச் சக்கரத்தோடு இணைக்க முடிந்தது. திரும்பி வரும் பாதி அவ்வளவு எளிதன்று. நூற்பவர் முழங்காலால் வண்டியை உள்ளே தள்ள வேண்டும். ஒரு கையால் நூல்களின் மேல் கிடக்கும் கம்பியைத் தாழ்த்தி வழிகாட்ட வேண்டும். மறு கையாற் சக்கரத்தைச் சுழற்றி, நூற்றுக்கணக்கான கதிர்களில் ஒரே சீராக நூலைச் சுற்ற வேண்டும். கதிரில் நூல் தடிக்கத் தடிக்கச் சுழற்சியின் வேகமும் மாற வேண்டும். சற்றுப் பிசகினால் நூல்கள் எல்லாம் ஒருங்கே அறும். விரல் நுனியிலிருந்து பிடுங்கப்பட்ட கைத்திறன் முழங்காலிலும் மணிக்கட்டிலும் மீண்டும் குடிபுகுந்தது எனலாம்.

இத்திறனும் வண்டியின் பாரமும் சேர்ந்து ஆடவரான நூற்பாளரை ஒரு தனி வகுப்பினராக்கின. கூலி எடைக்கேற்பக் கிடைத்தது. அறுந்த நூலைப் பொருத்தும் சிறுவரை அவர்களே அமர்த்தி, அவர்களே கூலி கொடுத்தனர். அவர்கள் வேலையை நிறுத்தினால் ஆலை முழுவதும் நின்றது. 1818 இலும் 1829 இலும் மன்செஸ்ரரில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்கள் அவர்களது பலத்தைக் காட்டின. 1829 டிசெம்பரில் ஜோன் டொகேட்டியின் முன்முயற்சியால் மான் தீவில் கூடிய மாநாடு இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து நூற்பாளரை ஒரே சங்கமாக இணைக்க முற்பட்டது. தொழிற்சங்க வரலாற்றில் இது பெரும் சாதனையே. ஆனால் அம்மாநாடு சங்கத்தைப் பெண்களுக்கு மூடியது. அவர்கள் தமக்கெனத் தனிச்சங்கம் அமைக்கலாம் எனக் கூறிற்று. கொத்துக்கொத்தாகப் பெண்களின் கையிலிருந்து பறிபோன ஒரு தொழிலில், அரை நூற்றாண்டுக்குள் பெண் அந்நியளாகக் கருதப்பட்டாள் என்பதைப் போராட்ட வரலாற்றின் புகழுரைகள் மறைத்து விடலாகாது.

பறிகொடுத்த பெண்கள் லங்காசயரில் மட்டும் இருக்கவில்லை. 100 இறாத்தல் பஞ்சை நுண்ணிய நூலாக்க இந்தியக் கை நூற்பாளருக்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் சென்றது எனவும், குறொம்ரனின் மியூலுக்கு 2,000 மணியும் 1795 அளவில் விசையால் இயங்கிய மியூலுக்கு 300 மணியும் போதுமாயிருந்தன எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த எண்களின் மறுபக்கத்தை 1828 இல் வங்காளத்தின் 'சமாச்சார் தர்ப்பண்' இதழில் வெளியான ஒரு முறையீட்டிற் காணலாம். நூற்று வாழ்ந்த விதவை ஒருத்தியின் கூற்றாக அது அமைந்தது. இளம் வயதிற் கணவனை இழந்த அவள் இராட்டினத்தை நம்பியே குடும்பத்தைக் காத்தாள். மூன்று பெண் மக்களுக்கும் அவ்வருவாயைக் கொண்டே மணம் செய்வித்தாள். வீடு தேடி வந்து நூல் வாங்கிய நெசவாளர் பின்னர் வராது நின்றனர். காரணத்தை விசாரித்தபோது சீமையிலிருந்து வரும் நூலை அவர்கள் வாங்குவது தெரிந்தது. இந்திய நெசவாளர் ஒரு பகுதியினராவது இறக்குமதி நூலைக் கொண்டு தறியைத் தொடர்ந்து ஓட்டினர். நூற்றவளுக்கு அத்தகைய மாற்றுவழி எதுவும் இருக்கவில்லை.

லங்காசயரில் இப்போது முதலாளிகளின் முறை. 1824 - 25 இல் ஹைட் பகுதி நூற்பாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அப்பகுதி ஆலை முதலாளிகள் மன்செஸ்ரரிலிருந்த வேல்ஸ் நாட்டுப் பொறி வல்லுநர் றிச்சாட் றொபேட்ஸை நாடினர். வண்டி திரும்பி வரும் பாதியையும் பொறியே செய்ய வேண்டும் என்பதே அவர்களது வேண்டுகோள். முதலில் மறுத்த றொபேட்ஸ் மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்பட்ட பின் இணங்கினார். 1825 இலும், திருத்தங்களோடு 1830 இலும் அவர் ஆக்கவுரிமை பெற்றார். கால்வட்ட வடிவான உறுப்பு ஒன்று, கதிரில் நூல் தடிப்பதற்கேற்பச் சுழற்சியின் வேகத்தைத் தானே மாற்றியது. நூற்பவரின் மணிக்கட்டு அறிந்த இரகசியம் இரும்பில் வடிக்கப்பட்டது. தொழிலாளர் அதை 'இரும்பு மனிதன்' என்றழைத்தனர். ஆலை முறையைப் புகழ்ந்து 1835 இல் நூலெழுதிய அன்ட்றூ யூர், தொழிலாளர் வகுப்பினரிடையே ஒழுங்கை மீட்க வந்த படைப்பு என அதை வரவேற்றார். இதே யூரைச் சான்றாகக் கொண்டுதான், 1830 இன் பின்னர் தோன்றிய கண்டுபிடிப்புகளுட் பல தொழிலாளர் எழுச்சிக்கெதிரான ஆயுதங்களே என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதற் பாகத்தில் வாதிட்டார். ஒருவர் போற்றியதும் மற்றவர் கண்டித்ததும் ஒரே உண்மையையே.

இருவரும் எதிர்பார்த்த முடிவு நிகழவில்லை என்பதே இவ்வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. இரும்பு மனிதன் ஆலைகளில் மெல்ல மெல்லப் பரவினான். ஆனால் நூற்பாளர் மறையவில்லை. 'கண்காணிப்பவர்' எனப் பெயர் மட்டும் மாறி, அதே ஆடவர் இருபுறமும் எதிரெதிரே ஓடும் இரு மியூல்களின் நடுவே நின்றனர். பெண்களையும் சிறுவரையும் அவர்களுக்குப் பதிலாக நிறுத்துவது ஏன் கைகூடவில்லை? பொறி இன்னமும் நுட்பமான சரிசெய்தல்களை வேண்டியது என்பது ஒரு விடை. பொருளியல் வரலாற்றாசிரியர் வில்லியம் லாசோனிக் 1979 இல் எழுதிய ஆய்வில் வேறொன்றைச் சுட்டினார். உதவியாளரைத் தேர்ந்து, பழக்கி, வேலை வாங்கும் பொறுப்பை நூற்பாளரே ஏற்றிருந்தனர். அவரை அகற்றினால் அம்மேற்பார்வைக்கு முதலாளி வேறு ஆள் தேட வேண்டும். ஒன்றோடொன்று போட்டியிட்ட எண்ணற்ற சிறு நிறுவனங்களுக்கு நூற்பாளரோடு பகைப்பதைவிட உடன்பாடு செய்வதே இலகுவாயிருந்தது. இவ்விளக்கமே வலிமையுடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில், பொறி ஒன்றாயிருந்தும் அதனருகே நின்றவரின் நிலை நாட்டுக்கு நாடு வேறுபட்டதை முதல் விடையால் விளக்க முடியாது.

அவ்வுடன்பாட்டுக்கு விலை கொடுத்தவர் நூல் பொருத்துவோர். வயது வந்த பின்னரும் நூற்பாளரின் இடம் காலியாகும் வரை குறைந்த கூலியில் அவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். சங்கம் காத்தது நூற்பாளரின் கூலியை மட்டுமே. போல்ரனிலும் ஓல்ட்ஹாமிலும் வகுக்கப்பட்ட கூலிப் பட்டியல்கள் அதை நுணுக்கமாக வரையறுத்தன. 1892 நவம்பரில் முதலாளிகள் நூற்றுக்கு ஐந்து வீதக் கூலிக் குறைப்பைக் கோரி ஆலைகளை மூடியபோது இருபது வாரங்கள் தாக்குப் பிடிக்கும் வலிமை சங்கத்துக்கு இருந்தது. 1893 மார்ச்சில் புறூக்லண்ட்ஸ் உடன்படிக்கையில், கோரப்பட்டதைவிடக் குறைந்த வெட்டோடு பூசல் தீர்ந்தது. ஆயினும் நூற்பாளரின் நிலையும் பொறாமைப்படத் தக்கதன்று. வெப்பமும் ஈரமும் மிக்க அறையில், எண்ணெய் ஊறிய பலகைத் தரையில் வெறுங்காலோடு அவர்கள் நாள்தோறும் பல மைல் தூரம் வண்டியின் பின்னும் முன்னும் நடந்தனர். கதிர்களிலிருந்து தெறித்த கனிய எண்ணெய் ஆடையில் ஊறி விதைப்பையிற் புற்றுநோயை உண்டாக்கியதை 1922 இல் மன்செஸ்ரர் மருத்துவர் இருவர் வெளியிட்டனர். அது 'மியூல் நூற்பாளர் புற்றுநோய்' என்றே பெயர் பெற்றது. இரும்பு மனிதனைப் படைத்த றொபேட்ஸ் 1864 இல் வறுமையில் இறந்தார்.

மியூலுக்கு உண்மையான மாற்று அமெரிக்காவிலிருந்து வந்தது. 1828 இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் புறொவிடன்ஸ் நகரத்தவரான ஜோன் தோர்ப் வளையப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கதிரைச் சூழ்ந்த வளையத்தின் மீது சிறு கொக்கி ஒன்று ஓட, இழுத்தலும் முறுக்கலும் சுற்றலும் இடைவிடாது ஒருங்கே நிகழ்ந்தன. வண்டியும் இல்லை, வண்டியைத் திருப்பும் முழங்காலும் இல்லை. அதைக் கற்க நெடுங்காலம் தேவைப்படவில்லை. அமெரிக்க ஆலைகள் அதனை விரும்பி ஏற்றன. நாக்பூரில் 1877 இல் தாதா தொடங்கிய எம்பிறஸ் ஆலை, இந்தியாவில் அதனை முன்கூட்டியே பரீட்சித்தவற்றுள் ஒன்று. ஜப்பானிய ஆலைகள் 1880 களின் இறுதியிலிருந்து மியூலைக் கைவிட்டு வளையத்துக்கு மாறின. கிராமங்களிலிருந்து கொண்டுவந்து விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம் பெண்கள் அவற்றை இரவும் பகலும் இயக்கினர். பெண்களின் இரவு வேலை அங்கு 1929 இலேயே நிறுத்தப்பட்டது. 1933 இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரித்தானியாவை விஞ்சிற்று.

லங்காசயரோ 1913 இலும் தனது கதிர்களுள் ஐந்தில் நான்கு பங்களவை மியூலிலேயே வைத்திருந்தது. நுண்ணிய நூலுக்கு மியூல் ஏற்றதென்பதும், தேர்ச்சி பெற்ற நூற்பாளர் அங்கு தாராளமாகக் கிடைத்தனர் என்பதும் இதற்குக் காரணங்கள். அங்கும் வளையப் பொறிகள் வந்த ஆலைகளில் அவற்றை இயக்கியவர் பெண்களே. நூற்பாளர் சங்கம் அப்பெண்களைத் தம்மவராக ஏற்கவில்லை. அவர்கள் பஞ்சு வாரும் பகுதித் தொழிலாளரின் சங்கத்திற் சேர்ந்தனர். நாள் முழுதும் நூலே நூற்றும், ஓல்ட்ஹாமின் வழக்கில் 'ஸ்பின்னர்' என்ற சொல் அவர்களைக் குறிக்கவில்லை. அது மியூலின் அருகே நின்ற ஆடவனுக்கே உரியதாயிருந்தது.